கோமதி சேச்சியின் மூக்கு

போன செவ்வாய்க்கிழமை காலை, தோசை மாவைக் கரைத்துக்கொண்டிருந்தபோது லலிதாவின் போன் வந்தது. லலிதா, கோமதி சேச்சியின் தம்பி மனைவி. காலை நேரத்தில் கூப்பிடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. "கோமதியக்கா போயிட்டா செல்வி. இப்பத்தான். டாக்டர் வந்து பார்த்தாச்சு" என்றாள். கையில் மாவோடு அப்படியே நின்றேன். எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்: அழுகை வருவதற்கு முன்னால் எனக்கு ஒரு கேள்விதான் வந்தது. கடைசியில் அவருக்கு வாசனை தெரிந்ததா, இல்லையா?

எங்கள் அலுவலகத்தில் அவரோடு வேலை பார்த்த உங்களுக்கே இந்தக் கேள்வி விளங்காது. உங்கள் யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். இப்போது சொல்லலாம் என்று நினைக்கிறேன். கோபித்துக்கொண்டு பேசாமல் இருக்க அவர் இல்லை.

கோமதி சேச்சியின் குடும்பம் எத்தனையோ தலைமுறையாக மட்டாஞ்சேரியில் இருக்கிற தமிழ்க் குடும்பம். வீட்டில் பேசுவது தமிழ், அதில் பாதி மலையாளம். காலையில் படிப்பது மலையாளப் பேப்பர். தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பார், அதனால் இந்தக் கட்டுரையை அவர் படித்து முடிக்க ஒரு வாரம் ஆகியிருக்கும். வெங்காயம் கூட யோசித்துச் சாப்பிடுகிற வீட்டிலிருந்து வந்து, மீன் ஏற்றுமதிக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் விருப்ப ஓய்வு பெறும் வரை உட்கார்ந்திருந்தார். "இந்த நாத்தத்துலேர்ந்து தப்பிக்கத்தான் நான் சென்ட் போட ஆரம்பிச்சேன். அப்பறம் நாத்தம் பழகிப் போச்சு, சென்ட் பழக்கம் போகலை" என்பார்.

நான் தூத்துக்குடியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், இருக்கிறதிலேயே நல்ல சேலையைக் கட்டி, நல்லதென்று நினைத்த சென்டை அடித்துக்கொண்டு அவர் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பெயரைக் கேட்பதற்கு முன்னால் ஒரு முறை மூச்சை இழுத்தார். "நீ போட்டிருக்கறது ரூம் ஸ்ப்ரேயாக்கும்" என்றார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. சாயங்காலம் வீட்டுக்குப் போய் சீசாவைப் பார்த்தால், அவர் சொன்னது ஏறக்குறைய சரி. கார்களுக்குள் அடிக்கிற வகை. மறுநாள் நானே போய் அவரிடம் ஒப்புக்கொண்டேன், அன்றிலிருந்து சிநேகம்.

அதன் பிறகு சனிக்கிழமை என்றால் எங்களுக்கு வேறு வேலை கிடையாது. மத்தியானம் பஜார் ரோட்டுப் பக்கம் உள்ள அத்தர் கடைக்குப் போவோம். இடது மணிக்கட்டில் ஒன்று, வலது மணிக்கட்டில் ஒன்று தடவிக்கொண்டு, எதுவும் வாங்காமல் வெளியே வந்துவிடுவோம். பக்கத்தில் சாயா குடித்து முடிக்கும் வரை எந்தக் கருத்தும் சொல்லக் கூடாது என்பது அவர் போட்ட சட்டம். "மொதல்ல வர்ற மணம் பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி, நன்னாத்தான் பேசுவான். சாயா குடிச்சப்பறமும் நிக்கறானா பாரு" என்பார். இக்கா என்று நாங்கள் கூப்பிடுகிற கடைக்காரருக்கு எங்களைக் கண்டாலே சிரிப்பு. வாங்க மாட்டார்கள் என்று தெரிந்தும் புதிது வந்தால் எடுத்து வைத்திருப்பார்.

அங்கிருந்து நேரே அவர் வீட்டு மாடிக்கு. தம்பி குடும்பம் கீழே, அவர் மாடியில் தனியே. முல்தானி மிட்டி என்கிற களிமண், ரக்த சந்தனம், கடலை மாவு, ஓட்ஸ், கொரியாவிலிருந்து வருகிற ஈரமான ஷீட் மாஸ்க் என்று முகத்தில் போடுகிற ஒன்றையும் விட்டதில்லை. எதையும் முதலில் தன் காதுக்குப் பின்னால் தடவி ஒரு நாள் பார்த்த பிறகுதான் என் முகத்தில் போடுவார். ஒரே ஒரு தடவை அவசரப்பட்டார். உரித்தெடுக்கிற கறுப்பு மாஸ்க்கைத் தன் முகத்தில் போட்டு இழுத்ததில் ஒரு பக்கப் புருவம் பாதி அதோடு வந்துவிட்டது. மறுநாள் ஆடிட்டர் வருகை. பென்சிலால் புருவம் வரைந்துகொண்டு வந்து, மின்விசிறிக்கு அடியில் நேராக உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் அசையாமல் பதில் சொன்னார். உங்களில் பாதிப் பேர் அன்று பாத்ரூமுக்கு ஓடிப்போய்ச் சிரித்தது எனக்குத் தெரியும்.

கல்யாணம் பண்ணிக்கொள்ளாத பெண்ணுக்கு இந்த வயதில் இதெல்லாம் எதற்கு என்று அவருடைய உறவுக்காரர்கள் கேட்டதையும் நான் கேட்டிருக்கிறேன். பதிலுக்குப் பதில் கொடுக்க எனக்குத்தான் நாக்கு துறுதுறுக்கும். அவருக்கு அலட்டலே இல்லை. "எனக்கு அழகு வேண்டாம்டி. அழகு பண்ணிக்கறதுதான் வேணும். அது ரெண்டும் வேற, மனசிலாச்சா?" என்று என்னிடம் மட்டும் சொன்னார்.

இன்னொரு வழக்கமும் அவருக்கு இருந்தது. பெரிய விஷயம் எதுவானாலும் என் முகத்தில் களிமண்ணைப் பூசிய பிறகுதான் சொல்வார். ஃபேஸ் பேக் காயும்போது பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, அழவும் கூடாது. எதிராளி குறுக்கே பேச முடியாது. காலத்துக்கு முன்பே வேலையை விடப்போவதாக அவர் சொன்னது அப்படித்தான். நான் கண்ணை உருட்டினேன், கையை ஆட்டினேன், அவர் தன் பாட்டுக்குச் சொல்லி முடித்துவிட்டார். முகம் கழுவி வந்தபோது எனக்கும் சமாதானமாகியிருந்தது.

போன மழைக்காலத்தில் அவருக்கு ஒரு வைரஸ் காய்ச்சல் வந்து போனது. தேறி வந்த பிறகும் சனிக்கிழமைகள் வழக்கம் போலவே நடந்தன. ஒரு வித்தியாசம் மட்டும் இருந்தது, அது எனக்குப் பிறகுதான் உறைத்தது. அத்தர் கடையில் மணிக்கட்டை முகர்ந்துவிட்டு உடனே என் முகத்தைப் பார்ப்பார். நான் நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினால் அவருக்கும் நன்றாக இருக்கும். நான் முகம் சுளித்தால் அவரும் சுளிப்பார். வயதானால் மனிதர்கள் இளகுவார்கள் என்று நான் பாட்டுக்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஒரு சனிக்கிழமை அவர் வீட்டு மாடிப்படி ஏறும்போதே காஸ் வாடை மூக்கைத் துளைத்தது. ஓடினேன். சாயாவுக்கு வைத்த தண்ணீர் பொங்கி அடுப்பு அணைந்து, காஸ் பாட்டுக்கு வந்துகொண்டிருக்கிறது. ஜன்னலெல்லாம் சாத்தியிருக்கிறது. சேச்சி முன் அறையில் முகத்தில் ஷீட் மாஸ்க்கோடு சாய்ந்து, கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார். சிலிண்டரை மூடி, ஜன்னல்களைத் திறந்து, போய் அவர் தோளைப் பிடித்து உலுக்கினேன். "நாத்தம் தெரியலையா சேச்சி? வீடு பூரா காஸ்!" என்று கத்தினேன். அவர் மாஸ்க்கை எடுத்தார். சமையலறைக்குப் போய் நின்று மூச்சை இழுத்துப் பார்த்தார். திரும்பி வந்து, முல்தானி மிட்டியைக் குழைத்து, என்னை உட்காரவைத்து முகம் முழுக்கப் பூசினார்.

"இனி வாயைத் திறக்கப்படாது. காய்ச்சல்லேர்ந்து எனக்கு ஒரு வாசனையும் தெரியல்லை செல்வி. மல்லிப்பூவும் தெரியல்லை, காப்பியும் தெரியல்லை. சோறு சாப்பிட்டா துணியை மெல்லறாப்போல இருக்கு" என்றார். என் கண்ணீர் களிமண்ணில் கோடு போட்டு இறங்கியது. அதையும் அவர்தான் பஞ்சால் ஒற்றினார். "அழாதே, பேக் கெட்டுப்போகும்" என்றார். அன்றே அவரைக் கீழே தம்பி வீட்டுக்கு மாற்றினோம். காரணம் லலிதாவுக்கு மட்டும் தெரியும். வெளியே யாருக்கும் தெரியக் கூடாது என்ற சத்தியம் அன்று வாங்கியதுதான்.

தெரிந்த வாசனைகளைத் தினமும் நினைத்து நினைத்து முகரச் சொன்னார் டாக்டர். மூளைக்கு மறுபடி பழக்குவதாம். கிராம்பு, எலுமிச்சை, பன்னீர் ரோஜா, யூகலிப்டஸ் தைலம் என்று ஒரு தட்டில் வைத்துக்கொண்டு காலையும் மாலையும் உட்கார்ந்தார். அது போதாதென்று பஜார் ரோட்டில் சுக்குக் கிடங்குகளின் வாசலில் போய் நிற்பார். நானும் கூட நிற்பேன். ஒரு தடவை மூட்டை இறக்குகிறவர் ஒருவர் சந்தேகத்தோடு, "ஆரெயா நோக்கணே சேச்சி?" என்று, யாரைத் தேடுகிறோம் எனக் கேட்டார். "ஆரெயும் அல்ல மோனே, என்றெ மூக்கு தேடுகா" என்று, தன் மூக்கைத்தான் தேடுவதாகச் சொன்னார் இவர். அந்த ஆள் தரையைக் குனிந்து பார்த்தது இப்போதும் கண்ணில் இருக்கிறது.

சனிக்கிழமைகளில் பரீட்சை. காகிதத் துண்டில் நான் ஒரு வாசனையைத் தொட்டு நீட்ட வேண்டும், அவர் எதுவென்று சொல்ல வேண்டும். முதல் வாரமே நிறுத்திவிட்டார். "உன் மூஞ்சியே விடையைச் சொல்றது. எனக்கு மூக்கு தெரியணும், உன் மூஞ்சி தெரியப்படாது" என்றார். அதற்கும் வழி கண்டுபிடித்தார். என் முகத்தில் கனமாக முல்தானி மிட்டியைப் பூசி, அது இறுகிக் கட்டையான பிறகுதான் பரீட்சை தொடங்கும். சந்தனத்தை லாவெண்டர் என்பார். எலுமிச்சையை ஒன்றுமில்லை என்பார். என் முகம் சுவராகவே இருக்கும். வாரா வாரம் இதுதான் நடந்தது. எழுந்து முகம் கழுவுகிற சாக்கில் நான் குழாயைத் திறந்துவிட்டு அழுதுவிட்டு வருவேன்.

அப்படி ஒரு நாள் ரோஜா அத்தர். கண்ணை மூடி வெகுநேரம் முகர்ந்தார். "ரோஸ்னு தோணறது. ஆனா அது என் ஊகம், மூக்கு சொல்லல்லை" என்று காகிதத்தைக் கீழே வைத்தார். எழுந்துகொள்ளப் போனவர் என் தோள் பக்கம் குனிந்து நின்றார். மூக்கைச் சுளித்தார். இன்னொரு முறை இழுத்தார். "செல்வி, சாளை வறுத்துட்டு உடுப்பு மாத்தாமலா வந்தே?" என்றார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டில் சாளை மீன்தான். நான் சிரித்த சிரிப்பில் முகத்திலிருந்த மண் முழுக்கப் பாளம் பாளமாக விழுந்து மடியெல்லாம் கொட்டியது. சேச்சி என் சுடிதார் தோளைப் பிடித்துக்கொண்டு முகர்ந்துகொண்டே இருந்தார். "சாளைடி! சாளையாக்கும்!" என்று வாய்விட்டு அழுதார். வாழ்நாளில் மீனைத் தொடாத ஒருவர் சாளை வாடைக்காக அப்படி அழுது நான் பார்த்தது அன்றுதான். லலிதா என்னவோ ஏதோ என்று ஓடி வந்தாள்.

வீட்டுக்கு நடந்து வரும் வழியில் எனக்குச் சுருக்கென்றது. காலையில் போனில் நானேதான் அவரிடம் சொல்லியிருந்தேன்: "அவர் சாளை வாங்கிட்டு வந்திருக்காரு சேச்சி, வறுத்து வச்சிட்டு வாரேன், கொஞ்சம் நேரமாகும்." அப்படியானால் அவர் முகர்ந்து சொன்னாரா, நினைவிலிருந்து சொன்னாரா? குழாய்ச் சத்தத்துக்குள் நான் அழுவது அவருக்குத் தெரிந்திருக்கும். என்னைத் தேற்றுவதற்காக ஒரு பொய் சொல்லக்கூடியவர்தான் அவர். வரைந்த புருவத்தோடு ஆடிட்டர் முன்னால் அசையாமல் உட்கார்ந்தவரை எதை வைத்து நம்புவது?

பிறகு சில வாசனைகளைச் சரியாகச் சொன்னார், சிலவற்றைத் தவறாகச் சொன்னார். சோறு ருசிக்கிறது என்றார். புதிதாக இரண்டு சீசா கூட வாங்கினார். பரீட்சை போதும் என்று அவரே நிறுத்தியும் விட்டார். நான் கேட்கவில்லை. கேட்டு, ஆமாம் பொய்தான் என்று சொல்லிவிட்டால் எனக்குத் தாங்கியிருக்காது. அந்தக் கேள்வியோடுதான் செவ்வாய்க்கிழமை காலை அந்த வீட்டுக்குப் போனேன்.

கூடத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும், "முகத்தில் என்ன ஒரு தேஜஸ்!" என்று சொல்லிச் சொல்லிப் போனார்கள். முன்பு அவரைப் பழித்த உறவுக்காரர்களும் சொன்னார்கள். லலிதா என் கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள். உயிர் போகும்போது அவர் முகத்தில் ஷீட் மாஸ்க் இருந்ததாம். டாக்டர் வருவதற்குள் இவள்தான் எடுத்துப் போட்டாளாம்.

"கடைசியா ராமான்னு ஒரு வார்த்தை வரல்லை செல்வி" என்று அழுதாள். "பால் அடிப்பிடிக்கறதுன்னு கத்திண்டே போயிட்டா. நான்தான் பாலை அடுப்புல வச்சுட்டு மறந்து, பின்னாடி துணி தோய்ச்சிண்டிருந்தேன். 'லலிதா, பால் அடிப்பிடிக்கறதாக்கும், கேட்டியா?'ன்னு ஒரு சத்தம். ஓடிவந்து அணைச்சுட்டுப் போய்ப் பார்த்தா, தலை சாஞ்சு கிடக்கு. போற நேரத்துல அவாளைக் கத்தவச்சுட்டேனே."

"சேச்சி எங்கே இருந்தாங்க?" என்றேன்.

"முன் ரூம்ல. கதவைச் சாத்திண்டு."

"பால் வச்சிருக்குன்னு நீங்க சொன்னீங்களா?"

"இல்லையே. யாரும் சொல்லல்லை."

நான் அந்த இழவு வீட்டுச் சமையலறையில் சிரித்துவிட்டேன். வாயைப் பொத்தியும் சிரிப்பு நிற்கவில்லை. லலிதா ஒரு கணம் என்னை வெறித்துப் பார்த்தாள். பிறகு அவளுக்கும் புரிந்தது. இரண்டு பேரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, சிரிக்கிறோமா அழுகிறோமா என்று தெரியாமல் நின்றோம். இத்தனை மாதம் நெஞ்சில் உட்கார்ந்திருந்த பாரம் அப்போது இறங்கியது.

அவருடைய சீசாக்களில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள் என்றாள் லலிதா. எனக்கு எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பால் வைத்த பாத்திரம் தொட்டியில் கிடந்தது. நான் தேய்க்கிறேன் என்று கையில் எடுத்து, தண்ணீர் விடுவதற்கு முன் மூக்கருகே கொண்டுபோய்க் கண்ணை மூடி முகர்ந்தேன். கோமதி சேச்சியிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது அந்த வாடையைத்தான். பால் நன்றாகவே அடிப்பிடித்திருந்தது.