அடித்தால் ஓட வேண்டும்

சனிக்கிழமை காலையிலிருந்தே எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மகளின் சாஃப்ட்பால் டீமில் பெயர் கொடுக்க அன்று சாயங்காலம் கடைசி. கொடுக்கப் போவதில்லை என்று நான் முடிவு செய்திருந்தேன். "மூணு வருஷமா உன் கேம்ஸ் எல்லாம் பாத்துட்டேன்மா, உனக்கு இது வராது. அந்த டைம்ல மேத்ஸ் கிளாஸ் போ" என்று சொல்லிப் பத்து நாள் ஆகியிருந்தது. அவளுக்குப் பதிமூன்று வயது. அந்தப் பத்து நாளும் என்னோடு பேச்சு கிடையாது. சாப்பிட்டியா என்று நான் கேட்டால்கூடப் பதில் அவள் அம்மாவுக்குத்தான் போகும்.

நாங்கள் குடியிருக்கும் பிரிட்ஜ்வாட்டருக்குப் பக்கத்தில் ஒரு புல்வெளியில் அன்று பழைய பேஸ்பால் ஆட்டம் ஒன்றைத் திரும்ப ஆடினார்கள். நூறு வருஷத்துக்கும் முந்தைய தொழில்முறை லீக்கில், சீசனின் நடுவே வந்த சாதாரண ஆட்டம். கோப்பையும் இல்லை, ஃபைனலும் இல்லை. ஸ்கோர் எழுதிய தாள் யார் வீட்டுப் பரணிலிருந்தோ கிடைத்துவிட்டதால் இவர்களுக்கு அது திருவிழா. அந்தக் காலத்துக் கம்பளிச் சட்டை, கையில் கிளவுஸ் கிடையாது. பந்து உயரமாக வேண்டுமா, தாழ்வாக வேண்டுமா என்று அடிப்பவர் கேட்டு வாங்கலாம். வரலாற்றுப் பாடத்துக்காக அங்கே ஸ்கோர் எழுத என் மகள் ஒத்துக்கொண்டிருந்தாள். எனக்கு டிரைவர் வேலை.

உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நாலு முறை போனை எடுத்து டீமில் பெயர் கொடுக்கும் படிவத்தைத் திறந்து மூடினேன். மனசு மாறிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். அவள் முகத்தைப் பார்க்கப் பார்க்க எரிச்சல்தான் வந்தது, பாதி அவள்மேல், பாதி என்மேல்.

ஐந்தாவது இன்னிங்ஸில் ஒருவருக்கு விரல் பிசகியது. வெறுங்கையால் பிடித்தால் வேறென்ன ஆகும். ஓர் ஆள் குறைந்தது. கோவில்பட்டியில் கிரிக்கெட் ஆடிய காலத்தில் நான் விட்ட கேட்சே கிடையாது என்று பக்கத்திலிருந்தவரிடம் கொஞ்சம் முன்னால்தான் அளந்திருந்தேன். வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன், அவருக்குப் பதிலாக என்னை இறக்கிவிட்டார்கள். உள்ளுக்குள் ஆசையும் இருந்தது. அவள் பார்க்கட்டும், அப்பாவுக்கும் ஆடத் தெரியும்.

தாழ்வாகக் கேட்டேன். பந்து வந்தது. நேர் பேட்டில் அழகாகத் தட்டினேன். அது அடக்கமாக உருண்டு, வீசியவரின் காலடிக்கே போனது. அதில் ரன் இல்லை என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பேட்டை ஊன்றிக்கொண்டு அடுத்த பந்துக்காக நிதானமாக நின்றேன்.

எல்லாரும் ஓடு, ஓடு என்று கத்தினார்கள். நான் ஓடிச் சேர வேண்டிய முதல் பேஸுக்குப் பந்து போய்ச் சேர்ந்த பிறகுதான் ஓடினேன், கையில் பேட்டோடு. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பேட் ரொம்பக் கனம் என்று சொல்லிப் பார்த்தேன். ஆடத் தெரியாதவள் மேடை கோணல் என்றாளாம்.

ஸ்கோர் மேசைக்கு வந்து, சமாளிப்பாக, "ஏம்மா, அடிச்சா ஓடியே ஆகணுமா? ரன் இல்லைன்னா நிக்கக் கூடாதா?" என்று மகளிடம் கேட்டேன்.

பென்சில் நின்றது. பத்து நாளில் முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தாள். சிரிக்கவில்லை. அவள் ஆடும் சாஃப்ட்பாலிலும் அதே விதிதான். ஒரே ஒரு நாள் பார்த்தவனுக்குக்கூட அது தெரிந்திருக்கும். நான் மூன்று வருஷமும் பார்க்கிங்கில் காருக்குள் உட்கார்ந்து ஆபீஸ் கால் பேசிக்கொண்டிருந்தவன். அதை அங்கேயே அவளிடம் சொல்லிவிட்டேன். சொல்லும்போது வெட்கமாக இருந்தது.

குரலை உயர்த்தாமல் கேட்டாள். "அப்போ எனக்கு வராதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"