ஏழாம் மெஷினைக் கழற்றியவன்

என் சட்டைப்பை நோட்டில் 'டிஸ்மேன்டில்' என்ற சொல்லுக்கு நேரே, 'கழற்றிப் பிரித்தல், திரும்பப் பூட்டுவதற்காக' என்று எழுதியிருக்கிறேன். பின்பாதி அகராதியில் கிடையாது. நானாகச் சேர்த்தது. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடம் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தேன். ஆயுத பூஜைக்கு முன்னால் மெஷின்களைக் கழற்றி, கழுவி, எண்ணெய் போட்டு, திரும்பப் பூட்டிச் சந்தனம் வைப்போம். அந்த வேலைக்குத்தான் அங்கே அந்தச் சொல் புழங்கியது. வேறு மாதிரி எனக்கு எப்படித் தோன்றும்?

போன வருடம் ஒரு வெள்ளிக்கிழமை நோட்டீஸ் ஒட்டினார்கள். மூன்றாவது லைன், சனி ஞாயிறு டிஸ்மேன்டில், ஓ.டி. உண்டு. பூஜைக்கோ இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த லைனில் ஏழாவது மெஷினில்தான் என் மனைவி வேலை பார்த்தாள்.

“இப்ப இன்னாத்துக்குக் கழட்றாங்க? என் வேலைக்கு ஒண்ணும் ஆவாதே?” என்று கேட்டாள்.

“சும்மா சர்வீஸுதான். திங்கக்கெழம உன் மிஷினு புதுசாட்டம் நிக்கும் பாரு,” என்றேன், பெரிய இவன் மாதிரி.

சனிக்கிழமை அவள் மெஷினில்தான் முதலில் கை வைத்தேன். பிரிப்பதற்கு முன், சேரும் இடங்களில் இரண்டு பாகத்திலும் ஒரே நம்பரைப் பெயின்ட் பேனாவால் எழுதுவது வழக்கம். பூட்டும்போது குழம்பாது. அழகாக எழுதினேன். மூடியில் அவள் ஒட்டியிருந்த ஸ்டிக்கர் பொட்டைக்கூட எடுக்கவில்லை. ஆனால் கழுவும் தொட்டி காய்ந்து கிடந்தது. யாரும் டீசல் ஊற்றவில்லை. பார்த்தேன், கேட்கவில்லை. மத்தியானம் மரப்பெட்டிகள் வந்து இறங்கின.

“நம்பரத் தெளிவாப் போடுங்க. அங்க இருக்கிறவங்களுக்குப் புரியணும்,” என்றார் சூப்பர்வைசர்.

“எங்க சார்?”

அவர் போனைப் பார்த்துக்கொண்டே நகர்ந்துவிட்டார்.

ஞாயிறு சாயங்காலம் லாரி கிளம்பியது. எங்கள் கேட்டில் இரண்டு வகைச் சீட்டு உண்டு. திரும்பி வரும் பொருளுக்கு வெள்ளை, வராததற்கு ரோஸ். செக்யூரிட்டி என்னிடம் நீட்டியது ரோஸ். 'கழற்றியவர்' என்ற இடத்தில் என் கையெழுத்து வேண்டுமாம். பின்னால் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். போட்டுவிட்டேன். நினைத்தால் இன்றும் என்மேலேயே ஆத்திரமாக வருகிறது.

வீட்டில் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் எங்கள் ஊர் சேரப்பணஞ்சேரியிலிருந்து இருவரும் கம்பெனி பஸ்ஸில் போனோம். கையுறையைத் துவைத்து மடித்து எடுத்து வந்திருந்தாள். ஷெட்டுக்குள் மெஷின் நின்ற இடங்களில் மஞ்சள் கட்டங்கள் மட்டும் இருந்தன. எல்லாரும் பழக்கத்தில் அவரவர் கட்டத்துக்குள் போய் நின்றார்கள். அவளும் ஏழாவதில் நின்றாள்.

“மொதல்ல எதக் கழட்டுன?” என்று கேட்டாள்.

“உன்னுதத்தான்.”

ஷிஃப்ட் மணி அடித்தது. அவள் கையுறையை மாட்டிக்கொண்டாள்.