சோலாங் பனியில் என் பாலியஸ்டர் சேலை

பொங்கல் விடுமுறையோடு நாலு நாள் லீவு சேர்த்து, நானும் கணவரும் தூத்துக்குடியில் சென்னை ரயில் ஏறினோம். அவர் ஆறுமுகநேரியில் உப்பு வியாபாரி. நான் நாசரேத்தில் புவியியல் ஆசிரியை. பனிமலையைக் கரும்பலகையில் வரைந்தே காலம் போய்விட்டது. ஒரு தடவையாவது பனியில் சறுக்கிப் பார்த்துவிட வேண்டும் என்பது என் ஆசை. போவது மணாலிக்கு என்றானதும் உடுப்புதான் பெரிய யோசனை. நம் ஊர்க் கடையில் குரங்குக் குல்லாவுக்கு மேல் எதுவும் கிடையாது. கொடைக்கானலுக்கு அதுவே போதும் என்றார் கடை அண்ணாச்சி. கம்பளி உள்ளுடுப்பைச் சென்னையில் வாங்கிக்கொள்ளலாம் என்று, மேலே கட்ட நாலு பாலியஸ்டர் சேலை எடுத்துவைத்தேன். நனைந்தாலும் சீக்கிரம் காயும் என்பது என் கணக்கு. கல்யாணமான நாள் முதல் சேலை தவிர வேறு உடுத்தி வெளியே இறங்கியதில்லை. யாரும் தடுக்கவில்லை, எனக்கே கூச்சம்.

சென்னையிலிருந்து டெல்லிக்கு விமானம், அங்கிருந்து இரவுப் பேருந்து; மூன்றாம் நாள் காலை மணாலி. அங்கிருந்து சோலாங் பள்ளத்தாக்கு பதின்மூன்று கிலோமீட்டர். வழி நெடுகப் பனி உடுப்பு வாடகைக் கடைகள். கால்சட்டை, கோட்டு, பூட்ஸ், கையுறை சேர்த்து ஆளுக்கு நானூறு ரூபாய். எனக்குக் கோட்டும் பூட்ஸும் போதும் என்றேன். சேலையோடு போனால் வேடிக்கை பார்க்கலாம், சறுக்க முடியாது என்று கடைக்காரர் சொன்னதைக் கணவர் லாரிக்காரர்களிடம் கற்ற இந்தியில் புரிந்துகொண்டு சொன்னார். நான் காதில் வாங்கவில்லை.

பனியில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் சேலைக் கரை நனைந்து, அப்பளமாக விறைத்தது. அந்தக் குளிரில் துணி எங்கே காய? புவியியல் டீச்சருக்கு இது முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டாமா? சறுக்கக் கற்றுத்தரும் பயிற்சியாளர் என் காலைப் பார்த்ததும் கையை விரித்தார். சறுக்குக் கட்டையில் துணி சிக்கினால் கால் முறியும் என்றார். இவ்வளவு தூரம் வந்தும் இப்படியா என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.

“ஏளா, இங்கன உன்ன யாருக்குத் தெரியும்? போயி மாத்திட்டு வா,” என்றார் கணவர்.

“எனக்குத் தெரியும்லா.”

“அப்ப நின்னு வேடிக்க பாரு.”

கோபத்தோடு வண்டி பிடித்துக் கடைக்குத் திரும்பினேன். கால்சட்டையோடு வெளியே வந்தபோது உடம்பெல்லாம் கூசியது. ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட. பிறகு விழுந்தேன், எழுந்தேன், மறுபடி விழுந்தேன். ஒரு தடவை மட்டும் சரிவின் அடி வரை விழாமல் வந்து சேர்ந்தேன். அப்படியொரு சந்தோஷத்தை நான் அனுபவித்ததில்லை.

போகிறவர்கள் உள்ளே கம்பளியும் வெளியே தண்ணீர் இறங்காத உடுப்பும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பருத்திப் பனியன் வேண்டாம். அது வியர்வையைக் குடித்துவிட்டு முதுகில் ஐஸ் வைக்கும். கணவரைக் கேட்டால் சொல்வார்.

திரும்பும் வழியில் டெல்லியில் இரண்டு சுடிதார் வாங்கி, சென்னையில் தூத்துக்குடி ரயில் ஏறும்போது ஒன்றைப் போட்டுக்கொண்டேன். விடிந்து கோவில்பட்டி தாண்டியதும் கணவர் பெட்டியை இறக்கிவைத்தார்.

“ஊரு வரப்போவுது. சேல மாத்தலியா?”

மணாலியில் என்னைத் தெரிந்தவர் இல்லை. அங்கே துணிச்சல் மலிவு. தூத்துக்குடி நிலையத்தில் பழைய மாணவிகள் இரண்டு பேராவது எதிர்ப்படுவார்கள். மணியாச்சி வரை யோசித்தேன். பெட்டியைத் திறக்காமலே தூத்துக்குடியில் இறங்கினேன்.