டென்மார்க் கிளைக்குக் கொடி வந்த விதம்

டென்மார்க் கிளை தொடங்குவதற்கு முன்னரே எனக்கென்று ஓர் இடம் இருந்தது. எங்கள் கல்லூரியின் பாண்ட் வாத்தியக் குழுவில் மூன்று ஆண்டுகள் ட்றம்பெற் வாசித்தேன். இறுதியாண்டில் வெள்ளிப்பூண் போட்ட தலைமைக்கோலை ஏந்தி அக்குழுவின் முன்னே நடந்தேன். இந்நாட்டுக்கு வந்தபின் ஹேர்னிங்கில் பொறியியலாளனாகப் பணியாற்றி, எவரிடமும் ஒரு குறைச்சொல் கேளாமல் ஓய்வு பெற்றேன். ஆகவே, சங்கம் அமைத்து மதிப்புத் தேட வேண்டிய நிலையில் நான் இருக்கவில்லை. அந்நிலையில் இருந்தவர்களைப் பற்றியே இங்கு எழுத வேண்டியிருக்கிறது.

பழைய பாண்ட் மாணவர்களின் சகோதரத்துவச் சங்கத்துக்குத் தாய்ச்சங்கம் யாழ்ப்பாணத்தில் உள்ளது. லண்டனிலும் ரொறன்ரோவிலும் ஜேர்மனியிலும் கிளைகள் இருந்தன. டென்மார்க்கில் இருக்கவில்லை, அதனால் எவருக்கும் உறக்கம் கெடவுமில்லை. கோல்டிங் நகரிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்ததோடு அந்த அமைதி முடிந்தது. அழைத்தவர் எனக்கு இரண்டு வகுப்புக் கீழே படித்தவர். தாம் கிளாரினெற் வாசித்தவர் என்று அவர் சொல்வார். கிளாரினெற் வைத்திருந்தவர் என்று நான் சொல்வேன்.

"அண்ணை, விசயம் தெரியுமே? எங்களைக் கொண்டுபோய் ஜேர்மனிக் கிளைக்குக் கீழ போடப் போறாங்களாம்."

"ஆர் சொன்னது?"

"அங்கத்தைத் தலைவர்தான். டென்மார்க் சின்ன இடம்தானே, நாங்கள் பாத்துக்கொள்ளுறம் எண்டு யாழ்ப்பாணத்துக்குச் சொல்லிப்போட்டார்."

ஜேர்மனிக் கிளைத் தலைவரை நான் அறிவேன். இரண்டு தட்டுகளை ஒன்றோடொன்று மோதுவதே வேலையான சிம்பலுக்கு என் காலத்தில் ஆள் தெரிவு நடந்தபோது, அதிலும் தவறியவர். அவருடைய அனுமதி பெற்று நான் என் கல்லூரிக் கொடியின் கீழ் நிற்பதா? தனிக் கிளை அமைப்பதென்று அன்றே முடிவு செய்தேன். தாய்ச்சங்கத்தின் நிபந்தனை எளியது. அதன் செயலாளர் ஐரோப்பாவுக்கு வரும்போது, அவர் முன்னிலையில் அணிவகுத்து வந்து கல்லூரிக் கீதத்தை வாசித்துக் காட்ட வேண்டும். காட்டினால் கொடி, கொடி கிடைத்தால் தனிக் கிளை. கிடைக்காவிட்டால் ஜேர்மனி.

கொம்யூன் எனப்படும் நகரசபையின் மண்டபம் இலவசமாகக் கிடைக்க வேண்டுமானால் சங்கத்துக்கு ஒரு யாப்பு, அதாவது எழுதிய விதிக்கோவை, வேண்டும். டேனிஷ்காரர் இதை ஒரு கோப்பி குடித்து முடிப்பதற்குள் எழுதிவிடுவர். நாங்கள் மாரிகாலம் முழுவதையும் செலவிட்டோம். கூட்டங்களுக்கு வந்தவர்களில் பாதிப்பேர் தாங்கள் பாண்ட் லீடராக இருந்ததாகக் கூறினர். ஒரே ஆண்டுக்கு மூவர். அந்த ஆண்டு குழு எந்தத் திசையில் நடந்தது என்று கேட்டேன். பழைய கல்லூரிப் படத்தில் கோலோடு நிற்பவன் நான் ஒருவனே என்பதால் கோல் என்னிடம் வந்தது. ஏனைய லீடர்களைச் சமாதானப்படுத்த உபதலைவர் பதவிகளைப் பெருக்கினோம். கடைசியில் சிம்பல் தட்டவும் ஓர் உபதலைவரே கிடைத்தார்.

ஊரின் இளைஞர் வாத்தியக் குழுவை நடத்தும் ஒரு டேனிஷ் அம்மையார் வாத்தியங்களை இரவல் தந்தார். அதன்பின் எழுந்ததுதான் உண்மையான சிக்கல். நீட்டிச் சுருக்கி ஊதும் றொம்போனுக்கு முன்னால் வெளி வேண்டும். ஆகவே அது முன்வரிசை. பெரிய ட்றம் பின்வரிசை. உலகெங்கும் பாண்ட் நடப்பது இப்படித்தான் என்று விளக்கினேன். பெரிய ட்றம்மை எடுத்துக்கொண்டவர் இஷொய் நகரிலிருந்து வந்த, எங்கள் எல்லோரிலும் மூத்தவர்.

"பின்னாலையோ? அப்ப நான் இவனுக்குப் பின்னால நடக்கிறதோ?" என்று கிளாரினெற்காரரைக் காட்டினார். "நான் ஓ.எல். சோதினை எடுக்கேக்கை இவன் மூக்குச் சிந்திக்கொண்டு நிண்டவன்."

"அண்ணை, எனக்கு இப்ப பேரப்பிள்ளையள் இருக்கு."

"இருக்கட்டும். அதுகளும் எனக்குப் பின்னாலதான்."

இறுதியில், எல்லோரும் ஒரே வரிசையில், வலப்புறமிருந்து மூப்பின்படி தோளோடு தோள் நிற்பதென்று கை உயர்த்தித் தீர்மானித்தார்கள். எதிர்த்து உயர்ந்தது என் கை மட்டுமே. தீர்மானம் தீர்மானந்தான்; கட்டுப்பட்டேன். ஒத்திகையைப் பார்த்த அம்மையார், "இது அணிவகுப்பா, கல்யாணப் படமா?" என்று டேனிஷில் கேட்டார். எவரும் அதை மொழிபெயர்க்கவில்லை. எல்லோருக்கும் விளங்கியிருந்தது.

செயலாளர் வந்த நாளில், வாகனத் தரிப்பிடத்திலிருந்து புறப்பட்டோம். நான் கோலுடன் முன்னே. எனக்குப் பின்னே அந்த நீண்ட வேலி. பாதி வழியில் ஒரு றொம்போன் பக்கத்து உபதலைவரின் மூக்குக்கண்ணாடியைத் தட்டிவிட்டதாகப் பின்னர் அறிந்தேன். நான் பார்க்கவில்லை. கீதம் முடியும்வரை கோலேந்துபவர் திரும்பிப் பார்க்கலாகாது என்பது எங்கள் கல்லூரியின் விதி. மண்டபக் கதவால் நுழைந்தேன். மேடையின் முன் நின்றேன். செயலாளருக்கு மரியாதை செய்தேன். சபை எழுந்து நின்றது. கீதம் கேட்டது, தொலைவில்.

செயலாளர் குனிந்து, "அண்ணை, பாட்டுக் கேக்குது. ஆக்களைக் காணேல்லை," என்றார்.

"வருகினம்," என்றேன், திரும்பாமலே.

அவர்கள் வரவில்லை. இரட்டைக் கதவில் ஒரு பலகை மட்டுமே திறந்திருந்தது. அதனூடாகப் பெரிய ட்றம் நுழையாது. மூத்தவருக்கு முன் வேறு எவரும் நுழைய முடியாது. பின்புறம் சமையலறைக்கு, எங்கள் பேச்சில் குசினிக்கு, தனிக் கதவு உண்டு. வெளியில் கிளாரினெற்காரருக்கும் மூத்தவருக்கும் நடந்த உரையாடலை அங்கு நின்ற பலர் எனக்கு ஒரேவிதமாகவே சொல்லியிருக்கிறார்கள்.

"அண்ணை, ட்றம்மைக் கழட்டித் தாங்கோ. நான் உள்ளுக்குக் கொண்டுபோய் வைக்கிறன்."

"ஓம், நீ முதல் போறதுக்கு வழி பாக்கிறாய்."

"அப்ப எல்லாரும் குசினிக் கதவாலை போவம்."

"குசினியாலையோ? நாங்கள் என்ன, சாப்பாடு இறக்கவே வந்தனாங்கள்?"

மற்றப் பலகையின் தாழ்ப்பாளை ஒரு விரலால் இழுத்திருக்கலாம். இழுக்கச் சொல்லக்கூடிய இளையவர்கள் வரிசையின் இடக்கோடியில், சைக்கிள் நிறுத்துமிடத்தருகே, காற்றில் நடுங்கிக்கொண்டு ஊதிக்கொண்டிருந்தார்கள். கீதம் முடிந்தது. மீண்டும் தொடங்கியது. இம்முறை வலப்பக்கம் முதலாம் சரணத்திலும் இடப்பக்கம் இரண்டாம் சரணத்திலும் இருந்தன.

செயலாளரை ஹம்பேர்க்குக்கு, ஜேர்மனிக் கிளையின் விருந்துக்கு, ஏற்றிச் செல்ல வாகனம் காத்திருந்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "கீதம் முழுசாக் கேட்டதுதானே, அது போதும்," என்று சொல்லிக் கொடியை என் கையில் தந்து, டென்மார்க் இனித் தனிக் கிளை என்று சபைக்கு அறிவித்தார். பிறகு குசினிக் கதவால் வெளியேறினார். அவருக்கு அதில் அவமானம் எதுவும் தெரியவில்லை.

இப்போது எங்கள் கிளை ஒரு மலர் வெளியிட்டிருக்கிறது. அதில் கிளாரினெற்காரர் எழுதிய கட்டுரையில், நான் தனியே படமெடுக்க விரும்பிப் பாண்ட் குழுவை வெளியில் நிறுத்திவிட்டு முன்னால் ஓடிக் கொடியைப் பறித்ததாகச் சொல்லப்படுகிறது. ஜேர்மனியிலும் இதையே கதைக்கிறார்களாம்.

நான் ஓடவில்லை, நடந்தேன். எவரையும் வெளியில் நிறுத்தவில்லை. அவர்களை நிறுத்தியது பெரிய ட்றம். கொடியைப் பறிக்கவுமில்லை. அது கையளிக்கப்பட்டபோது மண்டபத்துக்குள் இருந்த பாண்ட் உறுப்பினர் நான் ஒருவனே.