ஆறிப்போன டீயும் அன்பியக் கூட்டமும்

நற்செய்தியை வாசிக்கிறது சுலபம். வாசிச்சவங்களை "மனசுல பட்டதைச் சொல்லுங்க"ன்னு கேக்கிறதுதான் பெரும்பாடு. எங்க சர்ச் பங்குல வாரா வாரம் ஒரு வீட்டுல பத்துக் குடும்பம் கூடுற அன்பியக் கூட்டத்துக்கு, ஸ்கூல் டீச்சரான நான்தான் பொறுப்பாளர். இதே தலையெழுத்து உங்கள்ல யாருக்காவது இருந்தா, வாங்க, சேர்ந்தே புலம்பலாம்.

நல்ல பங்கு

அந்தோணி சார் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். அவர் வீட்டுல மார்த்தா, மரியா பகுதி. வேலையை விட்டுட்டு ஆண்டவர் காலடியில உக்காந்த மரியாதான் நல்ல பங்கைத் தேர்ந்துகிட்டாங்கன்னு அரை மணி நேரம் பொளந்து கட்டினாரு. பாவம், அவர் சம்சாரமும் கேக்கலாம்னு அடுப்படியை விட்டு வந்து ஓரமா உக்காந்தாங்க. சார் மூஞ்சி சுருங்கிடுச்சு.

"நீ ஏன் இங்க உக்காந்துட்ட? பஜ்ஜி தீயுது பாரு!"

பௌர்ணமி லீவு

சவரி அண்ணனுக்கு அடி அண்ணாமலை கிட்ட, கிரிவலப் பாதையில கடை. பௌர்ணமின்னா தண்ணி பாட்டிலும் கற்பூரமும் பறக்கும். கூட்டத்துக்கு ஆளு வரமாட்டாரு. "கற்பூரமும் விக்கிறீங்களாமே?"ன்னு ஒருத்தர் சீண்டினாரு. கற்பூரத்தைப் பத்திக் கேட்டா, நெஞ்சை நிமித்திக்கிட்டுத் தண்ணியைப் பத்திச் சொன்னாரு.

"தாகத்துக்கு ஏதுங்க சாதி, மதம்?"

ரோஸ்லின் முறை

எங்க கோயிலைக் கூட்டிப் பெருக்குற ரோஸ்லினுக்குக் காலனியில வீடு. மூணு சுத்து வந்தும் அந்த வீட்டுக்கு மட்டும் முறை வரல. ஏன்னு உங்களுக்குச் சொல்லணுமா என்ன? "எங்க வீட்டுக்கும் ஒரு வாட்டி வாங்க டீச்சர்"னு கண்ணு கலங்கிக் கேட்ட பிறகுதான் தேதியே குடுத்தேன்.

சுண்ணாம்பு அடிச்சு, புது டம்ளரெல்லாம் வாங்கி வெச்சிருந்தாங்க. வாசகம் யோவான் நாலாம் அதிகாரம். யூதர்கள் ஒதுக்கி வெச்ச சமாரியப் பெண்கிட்ட ஆண்டவர் தண்ணி கேட்ட பகுதி. சாரும் அண்ணனும் உருகி உருகிப் பகிர்ந்தாங்க.

டீ வந்துச்சு. சாருக்குத் திடீர்னு சுகர் ஜாஸ்தி. அண்ணனுக்கு விரதம். மத்தவங்க எல்லாருமே இப்பதான் குடிச்சிட்டு வந்தவங்க. எனக்கோ அதுவரைக்கும் இல்லாத அல்சர். தூ, வெட்கங்கெட்ட ஜென்மம் நான்! ஆறிப்போன டம்ளர்களை ஒவ்வொண்ணா எடுத்துக்கிட்டே ரோஸ்லின் கேட்டாங்க:

"தண்ணி குடுன்னு ஆண்டவரே அவகிட்ட கேட்டாருன்னு இப்பதானே டீச்சர் வாசிச்சீங்க?"

அதுக்கப்புறம் ரோஸ்லின் கூட்டத்துக்கு வரவே இல்ல. நாங்க எந்தக் குறையும் இல்லாம ஐந்தாம் அதிகாரத்துக்குப் போயிட்டோம்.