இடிதாங்கிக் குழியில் உப்பு

யாழ்ப்பாணத்துத் தீவொன்றில், புளியங்கூடலில் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இடிதாங்கி பூட்டியபோது நான் ஐந்தாம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அந்த வேலையைச் சரிபார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டிய தொழில்நுட்ப உத்தியோகத்தர் என் அம்மா. அவ்வளவு நீளமான பதவிப்பெயரை ஊரில் யாரும் சொல்வதில்லை. வெளியாட்களுக்கு அவர் 'மிஸ்'. ஊராருக்கு, ஸ்கூட்டியின் முன்தட்டில் அளவுநாடாவையும் சுத்தியலையும் வைத்துக்கொண்டு ஓடித்திரிகிற பிள்ளை.

பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக ஒரு மாடிக் கட்டடம் கட்டி முடித்திருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் கோபுரத்தையும் பனைகளையும் விட்டால் அதுதான் உயரம். முந்தைய ஐப்பசியில் பள்ளிக்கூட வேலியோரப் பனையொன்றில் இடி விழுந்து மரம் இரண்டாகப் பிளந்தது. அடியில் கட்டியிருந்த இரண்டு ஆடுகள் நின்ற இடத்திலேயே செத்தன. அதனால் இடிதாங்கி இல்லாமல் பிள்ளைகளை மேல்மாடிக்கு ஏற்றக் கூடாது என்று மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கட்டடத்துக்கு மஞ்சள் பெயின்ற் அடித்து, மேசை கதிரைகளை உள்ளே அடுக்கி, கதவைப் பூட்டினார்கள். நாங்கள் தகரக் கொட்டிலில் இருந்து அந்தக் கதவைப் பார்த்தபடி படித்தோம்.

வேலைக்கான பொருட்பட்டியல் ஆங்கிலத்தில் வந்தது. வேலையாட்களுக்கு விளங்கவேண்டும் என்று அம்மா அதைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் தமிழில் எழுதினார். கூரை உச்சியில் நிற்கும் செப்புக் கம்பிக்கு மின்னல் ஏற்பி என்று எழுதினார். அதிலிருந்து சுவர் வழியாகக் கீழே வரும் செப்புப் பட்டி இறக்கக் கடத்தி. பட்டியைக் கழற்றி அளந்து பார்க்க இடுப்புயரத்தில் ஒரு சோதனை இணைப்பு. மண்ணுக்குள் போகும் செப்புக் கோல்கள் புவி மின்வாய். பட்டி எத்தனை மில்லிமீற்றர் அகலம், சுவரில் எத்தனை அடிக்கு ஒரு பிடி, செம்பை இரும்போடு நேரே முடுக்கினால் உப்புக்காற்றில் எப்படி அரிக்கும் என்பதெல்லாம் அந்தத் தாள்களில் இருந்தன. வகுப்பில் வேறு யாருடைய சாப்பாட்டு மேசையிலும் இறக்கக் கடத்தி கிடையாது என்று எனக்குத் தெரியும். அந்தச் சொற்களை எங்கள் வீட்டு நகைகளைப்போல நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் காட்டினேன்.

வேலையை எடுத்த கொந்தராத்துக்காரர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் இருந்து வந்தவர். பருத்த உடம்பு, மரியாதையான பேச்சு. எந்நேரமும் கைலேஞ்சியால் பிடரியைத் துடைத்துக்கொண்டிருப்பார். முதல் வாரமே அவருக்கும் அம்மாவுக்கும் ஒரு பிடுங்குப்பாடு. செப்புப் பட்டியைக் கூரை விளிம்பில் அவருடைய ஆட்கள் சதுரமாக மடித்து இறக்கியிருந்தார்கள். பார்வைக்கு நேர்த்தியாகத்தான் இருந்தது. அம்மா ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டுக் கழற்றச் சொன்னார்.

"மின்னலுக்கு மூலை திரும்பத் தெரியாது. வளைவா விடுங்கோ. இல்லாட்டிப் பட்டியை விட்டுட்டுச் சுவருக்குள்ள பாயும்."

அவர் பிடரியைத் துடைத்துக்கொண்டு கழற்றுவித்தார்.

இரண்டாவது பிரச்சினை உப்பு. ஆங்கிலப் பட்டியலில், கோல்களைச் சுற்றி உப்பும் கரியும் மாறிமாறி அடுக்கவேண்டும் என்று இருந்தது. உப்புக் கலந்த ஈர மண்ணில் மின்சாரம் இலகுவாக ஓடும். எல்லா ஊரிலும் அப்படித்தான் செய்வார்களாம். அம்மா தமிழில் எழுதும்போது அந்த வரியை வெட்டியிருந்தார். கொந்தராத்துக்காரர் ஆங்கிலப் பட்டியலைப் பார்த்து ஆறு மூட்டை உப்பைக் கொண்டுவந்து இறக்கிவிட்டார்.

கோல்களுக்குக் குழி வெட்டக் குறித்த இடத்திலிருந்து பதினைந்து எட்டு வைக்கும் தூரத்தில் நல்ல தண்ணிக் கிணறு இருந்தது. தீவாருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்வதானால், எங்கள் நிலத்தடியில் நல்ல தண்ணீர் ஒரு மெல்லிய படையாகக் கடல்நீருக்கு மேலே மிதக்கிறது. கீழே முழுக்கச் சுண்ணக்கல். மேலே ஊற்றுவது அதன் வெடிப்புகளால் இறங்கி எங்கே போகும் என்று யாருக்கும் தெரியாது. அடுத்த ஒழுங்கையில் ஒருவர் கிணற்றை ஒரு முழம் ஆழமாக்கப் போய் அது உப்புக் கரித்துச் சவராகிவிட்டது. பிறகு திரும்பவே இல்லை. ஆடி ஆவணியிலும் குடிக்கத் தண்ணீர் தருவது பள்ளிக்கூடத்துக் கிணறு மட்டும்தான்.

மூட்டைகள் இறங்கியபோது பெரியம்மா, அம்மாவின் தமக்கை, கிணற்றடியில் கலன் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"இதென்ன தம்பி?"

"உப்பு அம்மா. குழிக்குள்ள போடத்தான்."

"எந்தக் குழிக்குள்ள?"

கொந்தராத்துக்காரர் கையால் காட்டினார். பெரியம்மா கலனை வைத்துவிட்டு வந்து மேல் மூட்டையில் ஏறி இருந்தார். "அப்ப முதல்ல என்னைப் போட்டு மூடும். பிறகு உப்பைப் போடும்."

பத்து நிமிடத்தில் தண்ணீருக்கு வந்த பெண்கள் எல்லோரும் அங்கே கூடிவிட்டார்கள். தண்ணீர் கொண்டுவரும் பவுசருக்குப் பின்னால் வாளியோடு ஓடுகிற ஊர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்கள். அம்மா வந்து தமிழ்த் தாளைக் காட்டிய பிறகு லொறி உப்போடு திரும்பிப் போனது. உப்புக்குப் பதிலாகப் பென்ரனைற் என்ற களி போடவேண்டும் என்று அம்மா எழுதியிருந்தார். தண்ணீரை உறிஞ்சி வைத்திருக்கும் சாம்பல் நிறக் களி, கிணற்றுக்குக் கேடில்லை. ஆனால் கொழும்பிலிருந்து வர மூன்று கிழமை பிடித்தது.

அதற்குள் ஐப்பசி பிறந்துவிட்டது. சுண்ணக்கல்லில் கோலை அடித்து இறக்க ஏலாது. இயந்திரத்தால் துளைத்தார்கள். கோலை இறக்கிக் களி நிரப்பி, அம்மா மூன்று வயர்கள் உள்ள மானியை வைத்து அளந்தார். மண்ணின் மின்தடை பத்து ஓமுக்குக் கீழே இருக்கவேண்டும். முதல் நாள் இருபத்துமூன்று. இரண்டாவது கோலும் போட்டபின் பதினாலு. அதற்குக் கீழே இறங்கவில்லை. அம்மா கையெழுத்து வைக்கவில்லை.

"பதினாலுக்கும் பத்துக்கும் என்ன மிஸ்? மின்னல் எண்ணிப் பாத்தே இறங்குது?"

"மின்னல் எண்ணாது. அதுதான் நான் எண்ணுறன்."

துளைக்கும் இயந்திரம் சனிக்கிழமை வள்ளத்தில் நெடுந்தீவுக்குப் போக இருந்தது. போனால் தைக்குத்தான் திரும்பும். கொஞ்ச உப்புப் போட்டால் இன்றைக்கே முடிந்துவிடும், மிஸ் விடுகிறா இல்லை என்று கொந்தராத்துக்காரர் தேத்தண்ணிக் கடையில் சொன்னார். அது பொய்யில்லை. ஆனால் கடையிலிருந்து பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தபோது அந்தச் செய்தியில் என் அம்மாவைத் தவிர வேறு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

புதன்கிழமை பெருமழை. தகரத்தில் விழுந்த இரைச்சலில் ரீச்சர் சொன்னது கேட்கவில்லை. கரும்பலகைப் பக்கம் ஒழுகியது. எனக்குப் பக்கத்தில் இருந்தவள் நனைந்த கொப்பிகளை என் மேசையில் பரப்பினாள்.

"காய வை. உன்ர அம்மாவாலதானே நாங்கள் இதுக்குள்ள கிடக்கிறம். மாடி வீடு இருக்கு, திறப்புத்தான் உங்கட அம்மாட்ட."

பின் வரிசை வாங்கிலிருந்து ஒருத்தன், "இறக்கக் கடத்தி" என்று கூப்பிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். அன்றிலிருந்து என் பெயர் அதுவாயிற்று.

அம்மாவுக்குத் தேவையானது இன்னும் நாலு இலக்கம் குறைவது. அதைக் கொடுக்கக்கூடிய பொருள் எங்கள் குசினியில் இருந்தது. கணக்கு எனக்கு மிகச் சுலபமாக இருந்தது. கிணற்றுக்குக் கெடுதல் செய்வது ஆறு மூட்டை. நான் போடப்போவது மூன்று பை. வியாழன் பின்னேரம் அம்மா வீட்டுக்கு வருமுன் அந்த உப்பை மூன்று சொப்பின் பைகளில் அள்ளிப் புத்தகப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். வேலையாட்கள் தேத்தண்ணிக்குப் போயிருந்தார்கள். குழியில் இன்னும் மூடி போடவில்லை. களியைக் கையால் விலக்கி, கோலைச் சுற்றி உப்பைக் கொட்டி, நல்ல தண்ணிக் கிணற்றிலேயே இரண்டு வாளி அள்ளி ஊற்றி, களியைத் திரும்பவும் மூடித் தட்டினேன். வெட்டுக்கிளி பிடிக்கிறவளைப்போலச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

வெள்ளி காலை பள்ளி அதிபர் கையில் மாடிக் கதவின் திறப்போடு நின்றார். கிணற்றடிப் பெண்களும் வந்திருந்தார்கள். அம்மா மானியை வைத்தார். ஒன்பது புள்ளி இரண்டு.

கொந்தராத்துக்காரர் முகம் மலர்ந்தது. "களி இப்பதான் தண்ணி குடிச்சு இறுகியிருக்கு மிஸ். நான் சொன்னனான்." பின்வாங்கில் இருந்தவன் என்னைப் பார்த்தான். நான் தலையை நிமிர்த்தி நின்றேன்.

அம்மா மட்டும் எழும்பவில்லை. வயர் முனைகளைப் பிடுங்கி வேறு இடத்தில் குத்தி அளந்தார். ஒன்பது புள்ளி மூன்று.

"இரவு இஞ்ச மழை பெய்ததோ?"

இல்லை என்றார்கள்.

"குழியைத் திறவுங்கோ."

களியை வாரி வெளியே போட்டார்கள். சாம்பல் நிறம், சாம்பல் நிறம், ஒரு முழத்துக்குக் கீழே மஞ்சள். பெரியம்மா விரலால் தொட்டு நாக்கில் வைத்துத் துப்பினார்.

"உப்பு."

எல்லோரும் கொந்தராத்துக்காரரைப் பார்த்தார்கள். அவர் கைலேஞ்சியை எடுக்கக்கூட மறந்துவிட்டார். "நான் போடேல்லை அம்மா. என்ர பிள்ளையளாணை நான் போடேல்லை."

"வேற ஆர் போட்டது? பேயோ?" என்றார் பெரியம்மா. "பகல்ல திருப்பி அனுப்பினதைக் கள்ளமாக் கொண்டுவந்து கொட்டியிருக்கிறீர். இந்தக் கிணறு கெட்டால் நீரே வந்து எங்கட பிள்ளையளுக்குத் தண்ணி வார்ப்பீர்?"

பெண்கள் கிட்ட நெருங்கினார்கள். பொலிசுக்குச் சொல்லவேண்டும் என்றது ஒரு குரல். இனி இந்தத் தீவில் அவருக்கு ஒரு வேலையும் கொடுக்கக் கூடாது என்றது இன்னொன்று. அவருடைய வேலையாட்களே இரண்டு அடி விலகி நின்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்கவேண்டும் என்ற எண்ணமும் வரவில்லை என்பதை எழுதிவிடுகிறேன்.

அம்மா குழியருகே முழங்காலில் இருந்தார். கொஞ்சத்தை எடுத்து இரண்டு விரலால் தேய்த்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். எங்கள் வீட்டுக் குசினியில் தேசிக்காய் ஊறுகாய்க்கென்று உப்பில் மஞ்சள்தூள் கலந்து ஒரு சட்டி நிறைய வைத்திருந்தவர் அவர்தான். நான் அள்ளியது அதைத்தான். வேறு உப்பு வீட்டில் அவ்வளவு இருக்கவில்லை.

அவர் எழுந்து கையைத் தட்டினார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"அவர் போடேல்லை. இது என்ர குசினி உப்பு. தேசிக்காய்க்குக் கலந்து வைச்சது. என்ர வீட்டில இருந்துதான் வந்திருக்கு."

பெரியம்மா தங்கையைப் பார்த்தார், பிறகு மெதுவாக என்னைப் பார்த்தார், பிறகு தன் கலனைத் தூக்கிக்கொண்டு நடந்தார். அவர் பேசாமல் ஓரிடத்தை விட்டுப் போனதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அதிபர் திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

உப்புப் பட்ட களி முழுவதையும் அள்ளி உழவு இயந்திரத்தில் கடற்கரைக்கு அனுப்பினார்கள். குழியின் அடியை அம்மா தானே இறங்கி நின்று சுரண்டுவித்தார். கொந்தராத்துக்காரர் வெகுநேரம் வேலியோரம் தனியே நின்றார். பிறகு வந்து, "நெடுந்தீவுக்காரர் ரெண்டு நாள் பொறுக்கட்டும் மிஸ். அங்காலப் பக்கம் இன்னும் ரெண்டு துளை போட்டுத் தாறன்" என்றார். கிணற்றுக்கு எதிர்ப்புறம், வயல் பக்கமாக இரண்டு கோல்கள் இறக்கி, எல்லாவற்றையும் செப்புப் பட்டியால் தொடுத்தார்கள். திங்கட்கிழமை எட்டு புள்ளி நாலு. களி, செம்பு, கல், அவ்வளவுதான். அம்மா கையெழுத்து வைத்தார்.

வீட்டில் அவர் அடிக்கவில்லை. "தேசிக்காய்க்கு இனி வேற உப்பு வாங்கவேணும்" என்று மட்டும் சொன்னார். ஒரு மாதம் தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் கிணற்றடியில் ஸ்கூட்டியை நிறுத்தி ஒரு மிடறு குடித்துப் பார்த்தார். தண்ணீர் சவராகவில்லை. மார்கழியில் முதல் இடி இடித்தபோது நாங்கள் மேல்மாடியில் இருந்தோம். சுவர் அதிர்ந்தது. ரீச்சர் பாடத்தை நிறுத்தவில்லை.

குழியில் உப்பு வந்தது பற்றி விளக்கம் கேட்டு அம்மாவின் கந்தோரில் இருந்து கடிதம் வந்ததும், அவருக்கு வரவேண்டிய பதவி உயர்வு இரண்டு வருடம் தள்ளிப்போனதும் எனக்குப் பிறகுதான் தெரியவந்தது. அவர் எழுதிய விளக்கத்தின் பிரதியை, நான் பத்திரிகையில் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், வீட்டு அலுமாரியில் கண்டேன். இரண்டே வரி. உப்பு தன் வீட்டிலிருந்து போனது, பொறுப்பு தன்னுடையது. அதற்குமேல் ஒரு பெயரும் இல்லை. அதைவிடச் சுத்தமான ஒரு செய்திக்குறிப்பை நான் இன்னும் எழுதவில்லை.

அன்று குழியருகே நின்றபோது, அம்மா கண்டுபிடித்துவிட்டார், ஆகவே சொன்னார் என்றுதான் நினைத்தேன். என் பெயரைச் சொல்லாமல் விட்டதே பெரிய காரியமாகப் பட்டது. அந்தக் கூட்டத்தில் அந்த உப்பு எந்தச் சட்டியிலிருந்து வந்தது என்று அறிந்த பெரிய ஆள் அம்மா ஒருவர்தான். மற்ற எல்லோருக்கும் கள்ளன் ஏற்கெனவே கிடைத்திருந்தார். அம்மா கையைத் தட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றிருந்தால் போதும், எங்கள் வீட்டை யாரும் ஏறெடுத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்படி ஒரு வழி அவருக்குத் திறந்து கிடந்தது என்பது பத்து வயதில் எனக்குத் தெரியவில்லை.