வேருக்குச் சோறு

எங்கள் தோட்டத்து மாமரத்தின் அடியில், முழங்கால் உயரத்தில், பட்டையே இல்லாமல் ஒரு வளையம் ஓடியிருந்தது. கற்றாழை நார்க் கயிறு அறுத்த வளையம் அது. சேலத்துக்கு அருகே தன் தந்தை வைத்திருந்த மாந்தோப்பிலிருந்து, கல்யாணமான வருடம் நாமக்கல் பக்கத்து எங்கள் ஊருக்கு அண்ணி கன்றாகக் கொண்டுவந்து நட்ட மரம். முதல் காய்ப்பு கண்ட கோடையில், நிழலுக்காகக் கிடாரியை அதில் கட்டியதும் அண்ணிதான். கிடாரி சுற்றிச் சுற்றி இழுத்ததில் பட்டை முழு வட்டமாகத் தேய்ந்துபோயிற்று.

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இலை பச்சையாத்தான இருக்குது புள்ள. நாலு கொடம் தண்ணி ஊத்து, சரியாப் போயிரும்."

எனக்கும் அப்படித்தான் பட்டது. அண்ணி வளையத்துக்கு மேலே உதடுபோல் வீங்கியிருந்த பட்டையைத் தடவினார்.

"தண்ணி உள்மரத்து வழியா மேல ஏறுதுங்க, அதுக்குக் கொறையில்லை. இலை ஆக்கற சோறு பட்டை வழியாத்தான் கீழ எறங்கோணும். அந்த வழி அந்து போச்சுங்க. வேரு பட்டினி கெடக்குது."

"அப்ப மரத்துக்குப் பந்தி வெக்கப் போறயா?"

"பந்தி மேல நடக்குதுங்க. கீழ இருக்கறவங்களுக்குத்தான் இலை போடலை."

அண்ணன் சிரித்துவிட்டார். ஆனாலும் அடுத்த ஆடிக்குள் தேறாவிட்டால் வெட்டி, கிணற்றுமேட்டில் போடும் கட்டையாக்கிவிடுவதாகச் சொன்னார். சொன்னால் செய்பவர். பிறந்த ஊரிலிருந்து அண்ணி கொண்டுவந்தவற்றில் இங்கே வேர்விட்டது அது ஒன்றுதான்.

மழை இறங்கியதும் அண்ணி அடிமரத்தைச் சுற்றி நான்கு மாங்கன்றுகளை நட்டார். அவை பிடித்துக்கொண்ட பிறகு, தாய்மரத்தின் பட்டையைக் காயத்துக்கு மேலே கீறி, கன்றுகளின் தண்டைச் சீவி அதில் பொருத்தி, வாழை நாரால் இறுக்கிக் கட்டிச் செம்மண்ணும் சாணமும் அப்பினார். தந்தையின் தோப்பில் ஒட்டுக் கட்டிப் பழகிய கை. மரத்தின் சோற்றை வாங்கிக்கொள்ளப் புது வேர்கள் வேண்டும் என்பது அவர் கணக்கு. அதுவரை ஒட்டுக் கட்டி மரத்தைப் பெருக்கியவர்களைத்தான் எனக்குத் தெரியும். சாகிற மரத்துக்கு அப்படிக் கால் வைத்தவரை நான் கண்டதில்லை.

மறு கோடையில் இலைகள் வெளிறின. இரண்டு கிளைகள் காய்ந்தன. ஒட்டுகளில் ஒன்று கருகிற்று. அண்ணன் கோடரியைத் தீட்டி வைத்தார். அண்ணி காய்ந்த கிளைகளை மட்டும் தானே கழித்துவிட்டு, தினமும் அந்த மூன்று கன்றுகளுக்கும் தண்ணீர் ஊற்றினார். ஆடி பிறப்பதற்குள் உச்சிக் கிளையில் செந்தளிர் விட்டது.

இன்று பழைய அடிமரம் உளுத்து உதிர்ந்துவிட்டது. தொடை கனத்துக்குப் பருத்த மூன்று கால்களின் மேல் மரம் நிற்கிறது; நடுவே கையை விட்டால் மறுபக்கம் வருகிறது. விருந்தாளிகள் யார் வந்தாலும் அண்ணன் முதலில் அங்கேதான் கூட்டிப்போவார். நானும் கூடவே போவேன்.

"கொண்டாந்ததும் அவதானுங்க, நிக்க வெச்சதும் அவதானுங்க" என்பார்.

"கிடாரியைக் கட்டுனதும் நாந்தான். அதையும் சொல்லுங்க" என்பார் அண்ணி, மாம்பழத் தட்டோடு வந்து நின்று.